அறத்தொடு நிற்கும் செவிலி

(புனே மருத்துவமனைகளில் பணிபுரியும் நம் சங்கத்துச் செவிலியர் சார்பில், சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இசையும் நாடகமும் விருந்தும் நிறைந்த இந்நன்னாளில், காயத்தையும் குருதியையும் வழக்கையும் பற்றிப் பேச இவர்கள் வந்திருக்கிறார்களே என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், கட்கியிலும் தாபோடியிலும் பிம்பிரியிலும் ராஸ்தா பேட்டையிலும் சிதறி வாழும் நம் குடும்பங்கள் அனைத்தும் ஒரே கூரையின்கீழ்க் கூடும் நாள் இது ஒன்றே. வேண்டிய செய்தியை எல்லார்க்கும் ஒருசேரச் சொல்ல வேறு நாள் வாய்ப்பதில்லை. ஆதலின் பொறுத்தருளிக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் தடயச் செவிலியம். குற்றத்தாலோ கொடுமையாலோ ஊறுபட்டு வருவோரைப் பேணுவதோடு, அவர்தம் உடலிலும் உடையிலும் உள்ள சான்றுகளைக் கெடாமல் காத்து நீதிமன்றத்திற்குச் சேர்ப்பிக்கும் செவிலியர் பணிக்கு இப்பெயர். பெயர் புதிது, கருத்து நமக்குப் புதிதன்று.

செவிலி என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். நம் அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். தலைவியின் மேனியில் தோன்றும் சிறு வேறுபாட்டையும் முதலில் உணர்பவள் அவளே. தலைவியின் நிலையைத் தோழி செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உணர்த்துவாள். இவ்வாறு உண்மை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி உரிய இடம் சேர்வதற்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று நம் முன்னோர் பெயரிட்டனர். திருவள்ளுவரும் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தவில்லை. உடனிருந்து பணிபுரிவோனையும் சேர்த்தே மருத்துவம் என்றார். மேனியின் மாற்றத்தை அறிதல், உடனிருத்தல், உண்மையைக் கூட்டாமலும் குறைக்காமலும் உரியவரிடம் சேர்த்தல்—இம்மூன்றும் சேர்ந்ததே இன்று உலகம் தடயச் செவிலியம் என்று போற்றும் துறை.

அடிபட்டோ தீப்பட்டோ நஞ்சுண்டோ வன்முறைக்கு ஆளாகியோ ஒருவர் அவசரப் பிரிவுக்கு வரும்போது அவருக்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று உயிர், மற்றொன்று நீதி. உயிரே முதலாவது, இதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் உயிரைக் காக்கும் அதே கைகள், அறியாமையால், நீதியை அழித்துவிடவும் கூடும். எவ்வாறு என்று சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவோம்.

கத்திக்குத்துப் பட்டவரின் உடையை வெட்டி எடுக்கும்போது, கத்தி பாய்ந்த கிழிசலின் வழியே கத்தரிக்கோலைச் செலுத்தலாகாது. விலகி வெட்ட வேண்டும். ஆயுதத்தின் தன்மையை உரைக்கும் சான்று அக்கிழிசலே. குருதி தோய்ந்த ஈர உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை படர்ந்து தடயம் அழியும். காற்றில் உலர்த்தி, ஒவ்வோர் ஆடையையும் தனித்தனித் தாளுறையில் இட்டு முத்திரையிட வேண்டும். மது அருந்தியவரா என்று அறியக் குருதி எடுக்கும்போது, ஊசி செலுத்தும் இடத்தை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைக்கலாகாது. துடைத்தால், மது அந்த மனிதரிடமிருந்து வந்ததா, பஞ்சிலிருந்து வந்ததா என்று வழக்கறிஞர் கேட்பார். நஞ்சுண்டவரின் வயிற்றைக் கழுவும்போது முதலில் வரும் நீரைக் கொட்டிவிடாமல் சேமிக்க வேண்டும். காயத்தின் நீள அகலத்தை அளந்து எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவர் சொன்ன சொற்களை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். நம் ஊகத்தை எழுதலாகாது.

இவை எல்லாவற்றினும் தலையாயது ஒன்று உண்டு. எடுத்த பொருளை யார் எடுத்தார், எப்போது எடுத்தார், யாரிடம் கொடுத்தார், அவர் எங்கே வைத்தார் என்று ஒவ்வொரு கைமாற்றத்தையும் கையொப்பத்தோடும் நேரத்தோடும் பதிந்து வருதல். இதனைப் பொறுப்புச் சங்கிலி எனலாம். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சான்று முழுவதும் ஐயத்திற்கு உரியதாகிவிடும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. தாளுறை, எழுதுகோல், முத்திரை, கடிகாரம். இவற்றோடு கற்றறிந்த ஒரு செவிலி. அவ்வளவே.

இத்துறையின் இரு வேர்களும் நம் தமிழ் மண்ணில் ஆழ்ந்திருப்பதை எண்ணிப் பெருமை கொள்ளலாம். இந்தியாவில் பதிவான முதல் சட்டமுறைப் பிணக்கூறாய்வு 1693 ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டையில் எட்வர்டு பல்க்லி என்னும் மருத்துவரால் நடத்தப்பட்டது என்பர். நஞ்சு முதலியவற்றை ஆராயும் வேதியியல் ஆய்வாளரின் கூடம் இந்தியாவிலேயே முதன்முதலாக 1849 இல் சென்னையில் நிறுவப்பட்டது. செவிலியர் பயிற்சிப் பள்ளிகளுள் முன்னோடியானதும் 1871 இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கியதே. தடயமும் செவிலியமும் ஒரே நகரில் வளர்ந்தன. ஆனால் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தன. இரண்டும் கைகோத்தது வேறு நாட்டில்.

அமெரிக்க நாட்டின் மெம்பிஸ் நகரில் 1976 ஆம் ஆண்டிலும், அடுத்த ஆண்டு மினியாபொலிஸ் நகரிலும், பாலியல் வன்முறைக்கு ஆளானோரைச் சோதித்துச் சான்று சேர்க்கும் பணிக்கெனச் செவிலியரைப் பயிற்றும் திட்டங்கள் தோன்றின. அப்பெண்கள் அவசரப் பிரிவுகளில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்ததைக் கண்டு பொறாத செவிலியரே இதற்கு வித்திட்டனர். 1992 இல் எழுபதுக்கு மேற்பட்ட செவிலியர் மினியாபொலிஸ் நகரில் கூடி, அனைத்துலகத் தடயச் செவிலியர் சங்கத்தை நிறுவினர். இத்துறைக்கு உருவம் தந்தோருள் முதன்மையானவராகிய வர்ஜினியா லிஞ்ச் அதன் முதல் தலைவரானார். 1995 இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் இதனைத் தனிச்சிறப்புத் துறையாக ஏற்றது. 2003 இல் உலக சுகாதார நிறுவனம், பாலியல் வன்முறைக்கு ஆளானோர்க்கான மருத்துவ-சட்டப் பணிவிடைக்கென நெறிமுறை நூலொன்றை எல்லா நாடுகளுக்கும் வழங்கியது. தென்னாப்பிரிக்காவில் மருத்துவம், காவல், சட்ட உதவி அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்குமாறு துத்துசேலா நிலையங்கள் எழுந்தன. அதே நோக்கில் நம் நாட்டிலும் 2015 முதல் ‘சகி’ என்னும் ஒருங்கிணைந்த உதவி மையங்கள் அமைக்கப்பட்டன.

ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளலாமே, உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் எதற்கு என்று கேட்கலாம். இதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம்.

ஜெர்மனியில் ஹைல்பிரான் என்னும் நகரில் 2007 ஏப்ரலில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே எடுத்த தடயத்தில் ஒரு பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. அதே பெண்ணின் தடயம் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு ஆகிய மூன்று நாடுகளில் ஏறத்தாழ நாற்பது குற்ற இடங்களில் தென்பட்டது. கொலையிலும் அவள், சிறு திருட்டிலும் அவள். அப்பெண்ணைத் தேடிக் காவலர் ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். 2009 இல் உண்மை வெளிப்பட்டது. அவ்வாறு ஒரு கொலைகாரியே இல்லை! தடயம் எடுக்கப் பயன்படும் பஞ்சுக்குச்சிகளைப் பொதிந்த தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் ஏழைத் தொழிலாளியின் டி.என்.ஏ. அக்குச்சிகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவையே. ஆனால் கிருமி ஒழிந்தாலும் டி.என்.ஏ. ஒழிவதில்லை. இப்பாடத்திலிருந்துதான், தடயப் பொருள்களை மனித டி.என்.ஏ. கலவாமல் செய்வதற்கான உலகத் தரம் 2016 இல் பிறந்தது. அதன் எண் ஐ.எஸ்.ஓ. 18385. தடயங்களைக் கண்டறிதல், பதிதல், சேகரித்தல், எடுத்துச் செல்லுதல், காத்தல் ஆகியவற்றிற்கான ஐ.எஸ்.ஓ. 21043 என்னும் தரத்தின் முதற்பகுதிகள் 2018 இல் வெளிவந்தன. ஒரு நாட்டின் பிழை உலகத்தின் பாடமாயிற்று. ஒத்துழைப்பு என்பதன் பொருள் இதுவே.

இனி நாம் வாழும் இம்மராட்டிய மண்ணுக்கு வருவோம். 1972 மார்ச்சு மாதம், அன்று சந்திரப்பூர் மாவட்டத்தில் இருந்த தேசாய்கஞ்சு காவல் நிலையத்தில், மதுரா என்று உலகம் அறிந்த ஏழைப் பழங்குடிச் சிறுமி இரு காவலரால் கெடுக்கப்பட்டாள் என்பது வழக்கு. உயர் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவள் உடலில் காயக்குறிகள் இல்லை என்பதும் விடுவித்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. காவல் நிலையத்தினுள் அச்சத்தால் உறைந்துபோன ஒரு சிறுமி போராடியிருக்க மாட்டாள் என்பதையும், காயம் இன்மை இசைவுக்குச் சான்றாகாது என்பதையும் எடுத்துரைக்க அன்று யாரும் இல்லை. 1979 செப்டம்பரில் சட்டப் பேராசிரியர் நால்வர் உச்ச நீதிமன்றத்திற்குத் திறந்த மடல் ஒன்று எழுதினர். தில்லிப் பல்கலைக்கழகத்தின் உபேந்திர பக்சி, இரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் ஆகியோரோடு கையொப்பமிட்ட நான்காமவர் நம் புனே நகரத்து வசுதா தகம்வார் ஆவார். அம்மடல் நாடெங்கும் பெண்களைத் தட்டி எழுப்பியது. 1983 இல் சட்டம் திருந்தியது.

தில்லிக் கொடுமைக்குப் பின் 2013 இல் சட்டம் மீண்டும் திருந்தியது. 2014 இல் மைய அரசின் சுகாதார அமைச்சகம், உலக நெறிகளைத் தழுவி, இத்தகைய மருத்துவச் சோதனைக்கு விரிவான நெறிமுறை வகுத்தது. காயம் இல்லாவிடினும் வன்முறை நிகழ்ந்திருக்கலாம் என்பதை அது தெளிவாக உரைத்தது. பெண்ணின் மானத்தைக் குலைக்கும் இருவிரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013 இல் கண்டித்தது; அதனை இனிச் செய்வோர் நன்னடத்தை தவறியவராகக் கொள்ளப்படுவர் என்று 2022 இல் அறுதியிட்டது. மதுராவுக்குக் கிடைக்காத அளவுகோல், ஐம்பது ஆண்டுகள் கழித்து அவள் பேத்தியர்க்குக் கிடைத்திருக்கிறது.

அளவுகோல் ஏட்டில் இருந்தால் போதுமா? 1867 முதல் ஏழை எளியோர்க்குப் புகலிடமாக விளங்கிவரும் நம் சாசூன் மருத்துவமனையின் பெயர் 2024 இல் செய்தித்தாள்களில் அடிபட்டதை அனைவரும் அறிவீர்கள். அவ்வாண்டு மே 19 விடியற்காலை கல்யாணி நகரில், பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் கார் மோதி, மத்தியப் பிரதேசத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த பொறியாளர் இருவர் மாண்டனர். மது அருந்தினானா என்று அறிய அங்கே எடுத்த குருதி மாதிரி மாற்றி வைக்கப்பட்டது என்று காவல்துறை குற்றஞ்சாட்டியது. மருத்துவர்களும் கைது செய்யப்பட்டனர். வேறொரு மருத்துவமனையில் எடுத்த இரண்டாம் மாதிரியோடு டி.என்.ஏ. ஒப்பிட்டதில் இது தெரியவந்தது என்று கூறப்பட்டது. யார் குற்றவாளி என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் கடமை; நாம் முந்திச் சொல்லலாகாது. அந்த மருத்துவமனையில் இரவு பகலாக உழைக்கும் நூற்றுக்கணக்கான நல்லோரையும் பழிக்கலாகாது. ஆனால் ஒன்று மட்டும் உறுதி. ஒரு சிறு குருதிப் புட்டியின் மீது இரண்டு குடும்பங்களின் நீதி தொங்கிக்கொண்டிருந்தது.

மாண்ட இருவரும் யார்? நம்மைப்போல் பிறந்த மண்ணை விட்டு இந்நகருக்கு வந்தவர்கள். இங்கே அவர்களுக்குச் சுற்றம் இல்லை, செல்வாக்கு இல்லை. புகாரிலிருந்து மதுரைக்குப் பிழைக்கச் சென்ற கோவலனுக்கும் கண்ணகிக்கும் யார் இருந்தனர்? கள்வன் என்று பொற்கொல்லன் சொன்னான், காவலர் வெட்டினர். சிலம்பினுள் இருப்பது மாணிக்கமா முத்தா என்று முதலிலேயே யாரேனும் உடைத்துப் பார்த்திருந்தால் ஓர் உயிரும் ஒரு நகரமும் பிழைத்திருக்கும். சான்று இருந்தது, ஆராயும் முறை இல்லை. கண்ணகியின் கைச்சிலம்பு அரசனை வென்றது, கணவனை மீட்கவில்லை.

அன்பர்களே! ஊரில் செல்வாக்குள்ளவனுக்கு விதிமுறை ஒரு தடை. செல்வாக்கில்லாதவனுக்கு விதிமுறையே செல்வாக்கு. யாருடைய மகனாயினும் குருதியை ஒரே முறையில் எடுத்து, ஒரே முறையில் முத்திரையிட்டு, ஒரே முறையில் பதிவு செய்ய வேண்டும் என்ற உலகத் தரம், அயலூரில் வாழும் நமக்குச் சுற்றத்தார் போன்றது. ஆதலின் இது மருத்துவர் பேச்சு, வழக்கறிஞர் பேச்சு என்று நாம் ஒதுங்கியிருத்தல் ஆகாது.

நம் நாட்டின் இன்றைய நிலை என்ன? இந்தியச் செவிலியர் மன்றம் 2021 இல் வெளியிட்ட புதிய பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில், தடயச் செவிலியமும் இந்தியச் சட்டங்களும் என்ற அறிமுகப் பாடத்தை ஐந்தாம் பருவத்தில் கட்டாயமாக்கியுள்ளது. வரவேற்கத்தக்க செயல். ஆனால் அதற்கு ஒதுக்கிய நேரம் 20 மணி. அனைத்துலகச் சங்கம், பாலியல் வன்முறைச் சோதனை செய்யும் செவிலிக்கு அவ்வொன்றற்கே 40 மணி நேர வகுப்பும், அதன்மேல் நேரடிப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. மேலும், 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184 ஆம் பிரிவு, இச்சோதனையைச் செய்து அறிக்கை எழுதும் பொறுப்பைப் பதிவுபெற்ற மருத்துவரிடமே அளித்துள்ளது. மேலை நாடுகளில் பயிற்சி பெற்ற செவிலி தானே சோதித்து, தானே கையொப்பமிட்டு, தானே நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறாள். இங்கே காப்பது செவிலியின் கை, கையொப்பம் மருத்துவருடையது. மருத்துவர் பற்றாக்குறையான சிற்றூர்களில் பாதிக்கப்பட்ட பெண் காத்துக் கிடக்கும் ஒவ்வொரு மணியும் சான்று தேயும் மணி. பயிற்சி பெற்ற செவிலிக்கும் சட்டம் இடந்தர வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். நம் பெண்மக்களுள் செவிலியம் கற்போர் அந்த 20 மணி நேரத்தைத் தேர்வுக்கான பாடமாக மட்டும் கருதாமல், மேலும் கற்க முன்வர வேண்டும். வெளிநாட்டு மருத்துவமனைகளில் பணிபுரியும் நம் வீட்டுப் பெண்கள் விடுமுறைக்கு வருகையில், அங்கே தாம் கற்ற முறைகளை இங்குள்ள செவிலியர்க்கு ஒரு மாலைப்பொழுது எடுத்துரைக்கலாம். நாடுகளுக்கிடையேயான ஒத்துழைப்பு மாநாட்டு மண்டபங்களில் மட்டும் நடப்பதன்று. நம் சங்கக் கூடத்திலும் நடக்கலாம்.

இனி, குடும்பத்தார் அனைவரும் நினைவில் கொள்ள வேண்டியவற்றைச் சொல்லி முடிப்போம்.

வீட்டில் ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ தீங்கு நேர்ந்தால், குளிப்பாட்டி, உடைமாற்றி, பிறகு அழைத்துச் செல்வோம் என்று தாய்மனம் எண்ணும். அவ்வன்பே சான்றை அழித்துவிடும். குளிப்பாட்ட வேண்டா, உடையைத் துவைக்க வேண்டா, மாற்றியே தீரவேண்டுமெனில் கழற்றிய உடையைத் தாளில் சுற்றி உடன் கொண்டு வாருங்கள். நேரம் கடந்துவிட்டது என்று வராமலும் இருந்துவிடாதீர்கள். நான்கு நாள் வரையிலும் உடலிலிருந்து சான்று கிடைக்கக்கூடும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள்ளும், கருத்தரிப்பைத் தடுக்கும் மருந்தை ஐந்து நாள்களுக்குள்ளும் தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று.

அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், பாலியல் வன்முறைக்கோ அமிலவீச்சுக்கோ ஆளானோர்க்குக் கட்டணமின்றி உடனே சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது சட்டம். மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை. பெண்ணின் இசைவின்றிச் சோதனை இல்லை என்பதையும் அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, எல்லா அவசரத்திற்கும் 112 என்ற தொலைபேசி எண்களைச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இறுதியாக, மொழி. நம் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், மராத்தியும் இந்தியும் அறியாதவள், வலியோடும் அச்சத்தோடும் தன் துயரைத் தமிழில் சொல்கிறாள். எழுதுபவர் மராத்தியில் எழுதுகிறார். நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் அவளை அழைத்துவந்த கணவரோ அண்டைவீட்டாரோ. ஊறு செய்தவரே மொழிபெயர்ப்பாளராக நின்றால் உண்மை எங்ஙனம் வெளிவரும்? குழந்தைகளுக்கான போக்சோ சட்டம் மொழிபெயர்ப்பாளர் உதவியை வெளிப்படையாகவே வழங்கியுள்ளது. அவ்வுதவியைத் தரவல்லவர் இந்த அவையிலேயே பலர் உள்ளீர்கள். இரு மொழியும் அறிந்த பெண்கள் பத்துப் பேர் முன்வந்து, சங்கம் அவர்கள் பெயர்களை நகரின் அரசு மருத்துவமனைகளுக்கு அளித்தால், அது நம் சங்கம் செய்யும் பேரறமாக விளங்கும். அவர்கள் செய்ய வேண்டுவது ஒன்றே. அவள் சொன்னதைச் சொன்னபடி சொல்லுதல்; கேட்டதை வெளியில் சொல்லாதிருத்தல்.

தோழி செவிலிக்கு உரைப்பதுபோல், செவிலி நற்றாய்க்கு உரைப்பதுபோல், உண்மை வழியில் சிதையாமல் உரிய அவையை அடைய வேண்டும். அதற்கு எங்கள் கைகள் ஆயத்தமாக உள்ளன. உங்கள் நாவையும் துணைக்கு வேண்டுகிறோம். பெயர் தர விரும்பும் சகோதரியர் இன்று விழா முடிவதற்குள் மாதர் குழுப் பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம்.